தாத்தாவின் கோர்ட்டினாவில் எசெக்ஸ் வி6: எஞ்சினை மட்டும் வாங்காதே, தம்பி

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அங்கிள், தாத்தா விட்டுப்போன 1968 ஃபோர்டு கோர்ட்டினா மார்க் 2 வீட்டு கராஜில் பத்து வருஷமாக நிற்கிறது. 1600 எஞ்சின், புகை கக்குகிறது. ஸ்க்ராப்யார்டில் ஃபோர்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 3.0 எசெக்ஸ் வி6, தரையில் கிடக்கிறது. கியர்பாக்ஸ் கிடையாது, மலிவாகத் தருகிறேன் என்கிறார். அது இதில் உட்காருமா? வேறென்ன வேண்டியிருக்கும்? தாத்தா காரைக் கெடுத்துவிடாதே என்று ஆயா (பாட்டி) சொல்கிறார்கள்."

தம்பி, உட்காரும். அதில் சந்தேகமே வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் எடன்வேலில் பேசில் கிரீன் என்பவர் 1960களின் கடைசியிலேயே இதே மார்க் 2 உடம்பில் இதே 3 லிட்டர் வி6ஐ இறக்கி, பெரானா என்று பெயர் வைத்து விற்றார். பிறகு ஃபோர்டு கேப்ரியில் 5 லிட்டர் வி8ஐ வைத்து அதையும் பெரானா என்றே விற்றார். நம் தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வரலாறு உண்டு. ஃபோர்டு நிறுவனமே அடுத்து வந்த மார்க் 3 கோர்ட்டினாவில் வி6 வைத்து விற்றது. அப்புறம் கோர்ட்டினா பாக்கி (பிக்கப் வண்டி), சியரா, சபையர் என்று அந்த எஞ்சின் போகாத வண்டி குறைவு. இங்கிலாந்தில் நின்றுபோன பிறகும் போர்ட் எலிசபெத்தின் ஸ்ட்ரூவன்டேல் ஆலையில் 2000 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் இன்றும் நம் ஊர் ஸ்க்ராப்யார்டுகளில் அது கிடைக்கிறது.

ஆனால் தரையில் கிடக்கும் அந்த எஞ்சினை வாங்காதே. இந்தப் பதில் முழுவதற்கும் அதுதான் அடிப்படை. ஓடும் நிலையில், அல்லது ஸ்டார்ட் ஆகும் நிலையிலாவது இருக்கும் ஒரு முழு வி6 வண்டியை வாங்கு. துருப்பிடித்த சியரா போதும். கதவு தொங்கட்டும், கூரை ஓட்டையாகட்டும், கவலையில்லை. அதுதான் உன் பார்ட்ஸ் கார்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1986இல் என் மச்சானுக்காக ஒரு மார்க் 2வில் இதே வேலையைச் செய்தபோது நான் வெறும் எஞ்சினைத்தான் வாங்கினேன். மெரிபேங்கில் வீட்டுக்குப் பின்னால், மாமரத்தில் செயின் பிளாக் கட்டி வேலை. எஞ்சினை இறக்க ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. மற்றவற்றைத் தேட ஏழு மாதம் ஆயிற்று. ஃப்ளைவீல் ஒரு இடத்தில், கிளட்சை மூடும் பெல்ஹவுசிங் இன்னொரு இடத்தில், ஸ்டார்ட்டர் மூன்றாவது இடத்தில். ஸ்டார்ட்டரின் பல்லும் ஃப்ளைவீல் வளையத்தின் பல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சாவியைத் திருப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். கிளட்ச் தட்டு சரியான விட்டம், ஆனால் நடுவிலுள்ள பல் எண்ணிக்கை கியர்பாக்ஸுக்குப் பொருந்தவில்லை. ஆல்டர்னேட்டர் தாங்கி, ஃபேன் கப்பி, ஆக்சிலரேட்டர் கேபிளின் கொக்கி, டெம்பரேச்சர் சென்டர் என்று ஒவ்வொன்றும் சின்னச் சாமான்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் போனது. கூட்டிப் பார்த்தபோது எஞ்சினுக்குக் கொடுத்த பணம் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முழு வண்டி வாங்கினால் இவை எல்லாம் ஒன்றோடொன்று பழகிய நிலையில் உன் முற்றத்தில் வந்து நிற்கும். எதைக் கழற்றும் முன்பும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, எஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்கலாம்.

சரி, ஓடும் எஞ்சினில் எதைப் பார்ப்பது? எசெக்ஸ் முரட்டு எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். முதலில் டீசலாகவும் செய்யலாம் என்று எண்ணி வடிவமைத்தது என்பதால் உடம்பு தடிமன். 93.66 மில்லிமீட்டர் போர், 72.42 ஸ்ட்ரோக், 2,994 சிசி. ஹெட்டைக் கழற்றினால் அடிப்பக்கம் பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். எரியும் குழி பிஸ்டனின் தலையில் இருக்கிறது. பார்த்துத் திகைக்காதே, அதன் அமைப்பே அப்படி. இவ்வளவு பலமான எஞ்சினுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. இரண்டும் கொல்லக்கூடியவை.

ஒன்று, கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் கியர். ஆலையிலிருந்து வந்தது ஃபைபர் பல். சத்தம் குறையட்டும் என்று வைத்தது. வயதானால் பல் உதிரும். உதிர்ந்த நிமிடம் கார் நின்றுவிடும், பல்லின் தூள் எல்லாம் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இறங்கும். மைலேஜ் எவ்வளவு என்று விற்பவர் சொன்னாலும் சரி, எஞ்சின் வெளியே இருக்கும்போதே உலோகக் கியரைப் போட்டுவிடு. லேசாகச் சிணுங்கும், பழகிவிடும்.

இரண்டாவது, ஆயில் பம்பைச் சுற்றும் அறுகோணக் கம்பி. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து ஆயில் பம்புக்குப் போகும் மெல்லிய கம்பி அது. அதன் முனைகள் தேய்ந்து உருண்டையாகிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும், எஞ்சின் ஓடும், பம்ப் மட்டும் நிற்கும். ஓட்டுகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது, சிவப்பு விளக்கைப் பார்த்தால் ஒழிய. மச்சானுடைய வண்டியில் அதுதான் நடந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில், கீ ரிட்ஜ் ஏற்றத்தில், நல்ல வெயிலில் விளக்கு மின்னியது. பளிச்சென்ற வெளிச்சத்தில் மச்சான் கவனிக்கவில்லை. மேலே ஏறி முடிப்பதற்குள் பேரிங் பேசத் தொடங்கிவிட்டது. அந்தக் கம்பியைக் கையில் எடுத்து முனையைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். பார்க்காமல் போட்டேன். அன்றிலிருந்து எந்த எசெக்ஸ் என் கைக்கு வந்தாலும் முதலில் அந்தக் கம்பியைப் புதிதாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. டாஷ்போர்டில் முள் காட்டும் ஆயில் பிரஷர் கேஜ் ஒன்றும் வைப்பேன். விளக்கை மட்டும் நம்பமாட்டேன்.

வாங்கும் முன் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார். ஆயிரம் ஆர்.பி.எம்முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. மூவாயிரத்தில் முப்பதுக்கு மேல் நின்றால் மேற்கொண்டு பேசலாம். ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடு. எண்கள் பெரியதாக இருப்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது முக்கியம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். ஒயர்களைக் கழற்றி மாட்டும்போது ஃபயரிங் ஆர்டர் 1-4-2-5-3-6 என்பதை ஒரு அட்டையில் எழுதி பானட்டுக்கு உள்ளே ஒட்டிவை.

இன்னொன்று. இந்த நாட்டில் 2006 ஜனவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வ் இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. ஹெட் கழற்றியிருக்கும்போதே கெட்டி இருக்கைகள் பதித்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

இனி கியர்பாக்ஸ். நான் சியராவைச் சொல்வதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. உன் மார்க் 2வின் டிஃப் (பின் ஆக்சிலின் நடுவிலுள்ள பல்பெட்டி) விகிதம் அனேகமாக 3.9. நான்கு கியர் பாக்ஸோடு, 13 அங்குலச் சக்கரத்தில், மணிக்கு 120 கிலோமீட்டரில் எஞ்சின் சுமார் 4,300 சுற்று சுற்றும். 1600க்கு அது சரி, அதன் சுபாவமே சுற்றுவது. எசெக்ஸ் அப்படி இல்லை. அது எருது. கீழேயிருந்து இழுக்கப் பிறந்தது. என்3 நெடுஞ்சாலை நெடுக 4,300இல் கத்தவிட்டால் பெட்ரோலும் போகும், காதும் போகும். சியராவின் ஐந்து கியர் பாக்ஸை வைத்தால், ஐந்தாம் கியர் விகிதம் சுமார் 0.82 என்பதால், அதே 120இல் 3,550க்கு இறங்கிவிடும். டிஃபைத் தொடாமலே இது கிடைக்கிறது. பிறகு வசதிப்படும்போது 3.77 பல்செட் போட்டால் இன்னும் நன்று. உன் வண்டியின் டிஃப் முன்பக்கமாகக் கழன்று வரும் வகை. அரை நாள் வேலைதான்.

ஆனால் கவனம்: நான்கு சிலிண்டர் சியராவின் பாக்ஸும் வெளியிலிருந்து பார்த்தால் அதே போலத்தான் இருக்கும். இன்புட் ஷாஃப்டின் நீளம் வேறு. வி6 வண்டியிலிருந்தே பாக்ஸ், பெல்ஹவுசிங், கிளட்ச் மூன்றையும் சேர்த்து எடு. "எல்லாம் ஒண்ணுதான்" என்று யார் சொன்னாலும் டேப்பை எடுத்து அள.

மார்க் 2வின் கிளட்ச் ஹைட்ராலிக். சியராவுடையது கேபிள். இந்த முரண்பாட்டைப் பலர் எஞ்சின் உள்ளே போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். வழி இரண்டு. பெல்ஹவுசிங்கில் ஒரு தாங்கி அடித்து, உன் பழைய ஹைட்ராலிக் சிலிண்டரை வைத்து லீவரை இழுக்கச் செய்வது. அல்லது பெடலையே கேபிளுக்கு மாற்றுவது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். வி6இன் கிளட்ச் ஸ்பிரிங் கனமானது. கேபிள் பழைய ஃபயர்வால் தகட்டை வளைத்து வளைத்துக் கிழித்துவிடும்.

டிஃபும் பின் ஆக்சிலும் சியராவிலிருந்து வராது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குபவை. உன்னுடையது லீஃப் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த முழு ஆக்சில். மார்க் 3இலிருந்து வந்த கோர்ட்டினாக்களின் ஆக்சிலும் வேண்டாம். அகலம் அதிகம், டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும், தாங்கிகளும் வேறு. உன் பழைய ஆக்சிலையே வைத்துக்கொள். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள். உன் 1600 கொடுத்த டார்க் (சுழற்றும் விசை) சுமார் 130 நியூட்டன் மீட்டர். எசெக்ஸ் கொடுப்பது 235க்குப் பக்கம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. சக்கரத்தைச் சுற்றும் அதே ஹாஃப்ஷாஃப்ட், டிஃபின் அதே பல். முதல் கியரில் ரோபோட்டில் (டிராஃபிக் விளக்கில்) நின்று பச்சை விழுந்ததும் காலை அழுத்திக் கிளட்சை விட்டால் ஏதோ ஒன்று முறியும். பதமாக எடுத்தால் பல வருஷம் ஓடும். உன் வயதில் பதமாக எடுப்பாயா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்குப் போகும் பிராப்ஷாஃப்டை அளந்து வெட்டித் தரக் கடை இருக்கிறது. வெட்டிய பிறகு பேலன்ஸ் செய்யாமல் வாங்காதே. எஞ்சின் கொஞ்சம் பின்பக்கம் சரிந்து, மூன்று டிகிரி போல உட்கார வேண்டும். டிஃபின் மூக்கும் அதற்கு ஈடான கோணத்தில் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 80இல் ஓர் அதிர்வு வரும். டயரை மாற்றுவாய், பேரிங்கை மாற்றுவாய், அது போகாது. மலிவுச் சாமானான கோண அளவியை வைத்து அன்றைக்கே பார்த்திருந்தால் போயிருக்கும்.

எஞ்சின் தாங்கிகளைப் பற்றி ஒன்றே ஒன்று: பக்கத் தகட்டில் வெல்டிங் அடிக்காதே. அது பிஸ்கட் டின் மாதிரி மெல்லிய தகடு. தாங்கி, எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ்மெம்பரில் போல்ட்டில் நிற்க வேண்டும். ரப்பர் வைத்து. அதற்கு முன் சம்ப்பைப் பார். எசெக்ஸ் பல வண்டிகளில் வந்ததால் சம்ப்பின் கிண்ணம் ஒவ்வொன்றில் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். உன் கிராஸ்மெம்பர் மேல் கிண்ணம் முட்டினால் எஞ்சின் உயரமாக நிற்கும், பானட் மூடாது. சம்ப்பை வெட்டி மாற்றி ஒட்டலாம். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஆயில் உறிஞ்சும் குழாயையும் கூடவே மாற்ற வேண்டும். குழாய் கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு விரல் கனத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் எண்ணெய் முன்பக்கம் ஓடி, பம்ப் காற்றைக் குடிக்கும்.

வலப்பக்க எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் பாக்ஸில் முட்டும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வைத்து இதைச் சமாளிப்பது கஷ்டம். குழாய் வளைத்துப் பிராஞ்ச் (குழாய்களால் ஆன மேனிஃபோல்டு) செய்பவர்கள் டர்பனில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வண்டியை அங்கேயே கொண்டுபோய், எஞ்சின் உட்கார்ந்த நிலையில் அளவெடுக்கச் சொல். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்து, ஒரு விரல் நுழையும் இடைவெளி எப்போதும் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள். எஞ்சின் ஓடும்போது அசையும்.

இதுவரை சொன்னது ஓடுவதற்கு. இனி நிற்பதற்கு. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆயில் பம்ப் கதைக்குப் பிறகு மச்சான் வண்டிக்கு வேறு எஞ்சின் போட்டோம். பிரேக்கை மட்டும் 1600க்கு இருந்ததையே விட்டுவிட்டோம். அடுத்த ஈஸ்டர் சமயத்தில் க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கிக்கொண்டிருந்தோம். பெல்லேர் ரோடு கோயில் தீமிதிக்குப் போகும் வழி. பின் இருக்கையில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும், டிக்கியில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை. எம்13இல் அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பாதி இறங்கும்போது முதலில் வாடை வந்தது. பிறகு பெடல் நீண்டது. பிறகு பெடல் தரையைத் தொட்டது. மூன்றாம் கியர், இரண்டாம் கியர் என்று எஞ்சினை அலறவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கீழே ஓரத்தில் நிறுத்தினேன். பிள்ளைகள் ஏதும் அறியாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பழைய திரவம் கொதித்து ஆவியாகியிருந்தது. கனமான எஞ்சின், அதிக வேகம், சின்ன டிஸ்க். யாரையும் குறை சொல்வதற்கில்லை, வேலை என்னுடையது.

அதனால் வரிசை இதுதான்: பிரேக் முடியாமல் எஞ்சின் உள்ளே போகக் கூடாது. முன்பக்கம் கேப்ரி 3 லிட்டருக்கு வந்த பெரிய பிரேக் கேலிப்பர் கிடைத்தால் நல்லது. ஆனால் முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கேலிப்பர் மாட்டும் இரண்டு போல்ட்களின் இடைவெளி 3 அங்குலமா 3.5 அங்குலமா என்று அள. பெரிய கேலிப்பருக்கு 3.5 வேண்டும். இல்லையென்றால் ஸ்ட்ரட்டோடு சேர்த்து வாங்கு. சக்கரத்தின் நான்கு போல்ட் வட்டம் அந்தக் கால ஃபோர்டுகளில் எல்லாம் 108 மில்லிமீட்டர்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை. மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றாக இருந்தால் தயங்காமல் இரட்டைச் சுற்றுக்கு மாற்று. ஒரு குழாய் வெடித்தாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். பூஸ்டர் வை. ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. பத்து வருஷம் நின்ற வண்டியின் ஹோஸ் வெளியே பளபளக்கும், உள்ளே வீங்கி மூடியிருக்கும்.

முன் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். 1600ஐ எடுத்துவிட்டு வி6ஐ வைப்பது, முன் சக்கரங்களின் மேல் நிரந்தரமாக ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி. பழைய ஸ்பிரிங்கில் மூக்கு தாழும், பிரேக் பிடித்தால் குனியும், வளைவில் நேராகப் போகப் பார்க்கும். பேட்டரியை டிக்கிக்கு நகர்த்தினால் கொஞ்சம் ஈடாகும். முன்னால் இடமும் கிடைக்கும். கேபிள் தடிமனாக இருக்கட்டும், தகட்டைத் துளைக்கும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம்.

ரேடியேட்டர் விஷயத்தில் டர்பன்காரர்களுக்குத் தனிச் சோதனை. கடலோரத்துப் புழுக்கம் ஒன்று. ஆகஸ்டில் பெர்க் விண்ட் அடிக்கும்போது அனல் காற்று. அங்கிருந்து நேராகக் கீ ரிட்ஜும் டவுன் ஹில்லும் ஏற வேண்டும். 1600இன் ரேடியேட்டர் இதற்குப் போதவே போதாது. சியராவுடையது அகலம் சரிப்பட்டால் பார். இல்லையென்றால் உன்னுடைய ரேடியேட்டரின் மேல் கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் மூன்று வரிசைக் கோர் போட்டுத் தரச் சொல். வெளித் தோற்றம் மாறாது. எஞ்சினின் முன்பக்கம் ஃபேனுக்கு இடம் போதாமல் போகலாம். அப்போது எலக்ட்ரிக் ஃபேன். அதற்கு ஆல்டர்னேட்டர் வேண்டும், ஆல்டர்னேட்டருக்குத் தடித்த ஒயர் வேண்டும். பழைய டைனமோவுக்குப் போட்ட மெல்லிய ஒயரில் அதை இணைத்தால் ஒயர் டாஷ்போர்டுக்குப் பின்னால் உருகும்.

கார்புரேட்டர் வெபர் 38 என்றால் அதையே வைத்துக்கொள். பார்ட்ஸ் கார் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்ததாக இருந்தால் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) பார். அங்கே 1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிவு, அதற்கேற்பச் சின்ன ஜெட் போட்டிருப்பார்கள். கடல் மட்டத்தில் அதே ஜெட்டில் ஓட்டினால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடாகி, பிஸ்டன் பொத்துப்போகும். இது தெரியாமல் ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி மாற்றி அலுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஊருக்குள் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து லிட்டர் வைத்துக்கொள். உன் டாங்க் 45 லிட்டர்.

காகித வேலையைக் கடைசியில் வைக்காதே, பணம் கொடுக்கும் முன்பே தொடங்கு. எஞ்சின் எண் மாறினால் அது வண்டியின் பதிவில் மாற வேண்டும். 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம் இது. போலீஸ் கிளியரன்ஸ் எடுக்க வேண்டும், வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வர்தி சோதனையில் தேற வேண்டும், பிறகு பதிவு அலுவலகம். எண் பொறித்த இடம் தேய்க்கப்பட்டிருந்தால் அந்த எஞ்சினைத் தொடவே தொடாதே, இலவசமாகக் கொடுத்தாலும். திருட்டு எஞ்சின் என்று தெரிந்தால் அதோடு தாத்தா காரும் போலீஸ் முற்றத்துக்குப் போய்விடும். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி ஸ்க்ராப்யார்டு வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்கல் விற்றலுக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். ரசீதில் எஞ்சின் எண்ணை எழுதச் சொல். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடு. முழு வண்டி வாங்குவதில் இன்னொரு லாபம் இதுதான்: அதன் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருக்கும், விற்பவர் பெயரும் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவி. 1600 என்று பதிந்த காரில் 3000 ஓடுவது விபத்துக்குப் பிறகு தெரிந்தால் ஒரு ராண்டும் தரமாட்டார்கள்.

எல்லாம் முடிந்து முதல் ஸ்டார்ட். உடனே சாவியைத் திருப்பாதே. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக அறுகோணக் கம்பியை டிரில்லில் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையிலேயே சுற்று. கேஜில் முள் எழுந்து நிற்கும்வரை சுற்று. எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறியிருக்கும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை வைத்து டைமிங் பார்த்து ஸ்டார்ட் செய். புதிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் முதல் இருபது நிமிடம் 2,000க்குக் கீழே இறங்கவிடாதே.

ஆயா கேட்டதற்கு வருகிறேன். உன் தாத்தா அந்தக் காரை எப்படி வாங்கியிருப்பார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் என் அப்பாவும் அப்படித்தான் வாங்கினார். கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம்மவர்களை அப்புறப்படுத்திச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய காலம் அது. வேலையெல்லாம் தூரத்தில், பஸ்ஸுக்கு விடியற்காலையில் நிற்க வேண்டும். அந்த நிலையில் ஒரு மனிதன் சொந்தமாக ஒரு கோர்ட்டினா வாங்கி வாசலில் நிறுத்தினான் என்றால் அதற்குப் பின்னால் எத்தனை ஓவர்டைம் இருக்கும். ஆயா பயப்படுவது அந்த ஓவர்டைமை நினைத்துத்தான். எஞ்சின் மாறுவது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

அதனால் அவர்களுக்கு நீ மூன்று வாக்குக் கொடு. உடம்பில் ஒரு தகட்டையும் வெட்டமாட்டேன், கியர் லீவர் வரும் துளையைத் தவிர. அந்தத் துளைக்கும் வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்திருப்பேன். பழைய 1600ஐ விற்கமாட்டேன்: ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, கையால் சுற்றிவிட்டு, பிளக் மாட்டி, எல்லாத் துளையையும் அடைத்து, மரச் சட்டத்தில் நிறுத்தி, துணி சுற்றி வைப்பேன். அதன் கார்புரேட்டர், ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பிராப்ஷாஃப்ட் எல்லாம் பெயர் எழுதிய பெட்டிகளில் பக்கத்திலேயே இருக்கும். நாளைக்கு உன் பிள்ளை தாத்தாவுடைய கார் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்றால் இரண்டு வாரத்தில் திரும்பிப் போக முடிய வேண்டும்.

இதற்கு முன் ஒரு சின்ன வேலை செய். அந்த 1600ஐ இன்னும் தள்ளிவிடாதே. பத்து வருஷம் நின்ற எஞ்சின் புகைப்பது வால்வ் சீலாகவும் இருக்கலாம். வால்வ் ஸ்டெம் சீல் என்றால் செலவு ஒரு வாரச் சம்பளத்துக்குள் முடியும். அதைச் சரிசெய்து, பிரேக்கை நான் சொன்னபடி செய்து, ஆயாவை உட்காரவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரை வரை போய் வா. அந்த ஓட்டத்தில் வண்டியின் ஸ்டீயரிங், புஷ், டிஃப் எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்று உனக்கே தெரிந்துவிடும். வி6 போட்டாலும் அவை எல்லாம் செய்ய வேண்டியவைதான். அதற்குள் நல்ல பார்ட்ஸ் காரும் கண்ணில் படும்.

கண்டுபிடித்ததும் பணம் கொடுக்கும் முன் மூன்று போட்டோ அனுப்பு: எஞ்சின் எண், சம்ப்பின் பக்கத் தோற்றம், உன் கிராஸ்மெம்பரை மேலிருந்து எடுத்தது. கிராஸ்மெம்பர் மேல் ஒரு டேப்பை விரித்து வைத்து எடு, எண் தெரியும்படி.